'மக்கு' என்ற சொல் சட்டத்தில் இல்லை!

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு மனுஷன் என்ன செய்வான்? இரண்டாவது காப்பியைக் குடித்து முடித்து, மூன்றாவது கேட்டால் கிடைக்குமா என்று சமையலறை நிலவரத்தை எட்டிப் பார்ப்பான். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அப்போது அண்ணன் மகள் வந்து சேர்ந்தாள், கையில் ஒரு தடிமனான நோட்டுடன்.

"சித்தப்பா, புதன்கிழமை எனக்கு வைவா. நீங்க கேள்வி கேளுங்க, நான் பதில் சொல்றேன்."

அவள் சிறப்புக் கல்வியில் பி.எட். இரண்டாம் வருஷம். கேள்விதானே, கேட்டால் போச்சு என்று நோட்டை வாங்கினேன். பதில் தெரியாமல் கேள்வி கேட்பதில் எனக்கு ஆபீஸில் பதினெட்டு வருஷ சர்வீஸ்.

முதல் பக்கத்தைத் திறந்ததும் கண்ணைக் கட்டியது. ஐ.இ.பி., ஆர்.சி.ஐ., ஆர்.டி.இ., எஸ்.எல்.டி., யு.டி.ஐ.டி... நாங்களெல்லாம் டி.ஏ., எச்.ஆர்.ஏ., சி.எல்., ஈ.எல். நான்கை வைத்துக்கொண்டே ரிடையர் ஆகிவிடுகிற ஜாதி.

"இது பாடமா, பைக் நம்பர் பிளேட்டா?"

"முதல் கேள்வியைக் கேளுங்க."

"குறைபாடு, இயலாமை, தடை. வித்தியாசம் கூறுக. மூணும் ஒண்ணுதானேம்மா?"

"கண்ணாடியைக் கழட்டுங்க" என்றாள்.

கழட்டினேன். எதிரே அண்ணன் மகள் இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் மேகம் உட்கார்ந்திருந்தது.

"உங்க கண்ணுல பவர் மைனஸ் அஞ்சு. அது குறைபாடு. அதனால தெருமுனையில வர்ற பஸ் நம்பரை உங்களால படிக்க முடியாது. அது இயலாமை. 'கண்ணாடி போட்டவனுக்கு எங்க ஆபீஸ்ல வேலை கிடையாது'ன்னு ஒருத்தர் சொன்னா, அது தடை. முதல் ரெண்டும் உங்ககிட்ட இருக்கு. மூணாவது உங்ககிட்ட இல்லே. சொன்னவர்கிட்ட இருக்கு."

1980-ல் உலக சுகாதார நிறுவனம்தான் இந்த மூன்றையும் இப்படிப் பிரித்து வைத்ததாம். 2001-ல் அதையே திருத்தி எழுதி, ஒருவரால் எவ்வளவு முடியும் என்பதில் அவரைச் சுற்றியிருக்கிற உலகத்துக்கும் பங்கு உண்டு என்று சேர்த்தார்கள். நான் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். மூன்றாவது காப்பி வந்திருந்தது தெரிந்தது.

"அடுத்தது. ஒருங்கிணைந்த கல்வி, உள்ளடக்கிய கல்வி. இதுவாவது ஒண்ணா?"

"ஒரு பையனைப் பஸ்ல ஏத்திக்கறது ஒருங்கிணைந்த கல்வி. ஏறினதுக்கப்புறம் படியில தொங்கினா அது அவன் பாடு. பஸ்ஸோட படியையே அவனுக்காகத் தாழ்த்திக் கட்டறது உள்ளடக்கிய கல்வி. முதல்ல பையன் மாறணும். ரெண்டாவதுல பள்ளிக்கூடம் மாறணும்."

பரவாயில்லையே, அண்ணன் கட்டின ஃபீஸ் வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"நியாயமான தகவமைப்பு. இது எனக்கே தெரியும். பரீட்சையில ஒரு மணி நேரம் ஜாஸ்தி தர்றது, சொல்லச் சொல்ல எழுத ஆள் வைக்கறது. அதாவது சலுகை."

அவ்வளவுதான். அவள் முகம் மாறியது. "வைவாவில நான் அப்படிச் சொன்னா ஃபெயில் சித்தப்பா. சலுகைன்னா பிரியப்பட்டாக் கொடுக்கறது. இது உரிமை. கேள்வித்தாள் அதேதான். திருத்தற சிவப்புப் பேனாவும் அதேதான். பதில் வர்ற வழியைத்தான் மாத்தறோம். பாடத்தையே குறைச்சு, கேள்வியையே மாத்தினா அதுக்குப் பேர் வேற. அது பாட மாற்றம். ரெண்டையும் போட்டுக் குழப்பற டீச்சர்தான் 'இவனுக்கு மட்டும் என்ன ஈஸி பேப்பரா'ன்னு கிளாஸ்ல கேக்கறது."

பிறகு ஒரு வழக்கு சொன்னாள். விகாஷ் குமார் என்று ஒருவர், எம்.பி.பி.எஸ். படித்தவர். பேனா பிடித்தால் கை இழுத்துக்கொள்ளும் கோளாறு. 2018 சிவில் சர்வீஸ் பரீட்சைக்கு, சொல்வதை எழுத ஒருவர் வேண்டும் என்று கேட்டார். யு.பி.எஸ்.சி. மறுத்தது. சுப்ரீம் கோர்ட் வரை போனார். 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 40 சதவீதம் என்ற அளவுகோல், இட ஒதுக்கீடு போன்ற சில விஷயங்களுக்குத்தான். அந்த அளவு இல்லை என்பதற்காக, எழுத ஆள் தர மாட்டேன் என்று சொல்ல முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது.

மூன்றாவது காப்பி ஆறிப் போயிருந்தது. குடிக்கத் தோன்றவில்லை.

* * *

சட்டங்கள் பக்கம் வந்தோம். வருஷங்களை ரயில்வே டைம்டேபிள் மாதிரி ஒப்பித்தாள்.

1992, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம். சிறப்பாசிரியர் என்றால் இந்தக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாமல் தொழில் நடத்தினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"ஆயிரம் ரூபாயா? நம்ம ஊர்ல ஹெல்மெட் போடாமப் போனாலே அவ்வளவு ஆகுதே!"

"அதனாலதான் மூலைக்கு மூலை போர்டு மாட்டறாங்க. முதல்ல பதிவு எண்ணைக் கேக்கணும் சித்தப்பா."

1995, ஊனமுற்றோர் சட்டம். அதில் ஏழு வகைகள்தான். 2009, கட்டாயக் கல்விச் சட்டம். 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைக்கும் இலவசக் கல்வி, சேர்க்கும்போது குழந்தைக்கு டெஸ்ட் வைக்கக் கூடாது, எட்டாம் வகுப்பு முடிகிறவரை பள்ளியை விட்டு அனுப்பக் கூடாது, அடிக்கக் கூடாது. 2012-ல் அதில் திருத்தம் செய்து மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைத் தெளிவாக உள்ளே கொண்டுவந்தார்கள். 2016, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. இதில் ஏழு, இருபத்தொன்றாக ஆனது.

"அந்தப் புதுசுல ஒண்ணு எஸ்.எல்.டி. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. 1995 சட்டத்துல இது கிடையவே கிடையாது. இதுக்கு விளக்கம் கேளுங்க, இது கண்டிப்பா வரும்."

நோட்டைப் பார்த்துக்கொண்டே அவள் சொல்வதைச் சரிபார்த்தேன். பேச்சையும் எழுத்தையும் மூளை கையாள்வதில் ஏற்படுகிற கோளாறு. படிப்பதில், எழுதுவதில், எழுத்துக்கூட்டுவதில், கணக்குப் போடுவதில் தெரியவரலாம். டிஸ்லெக்ஸியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா எல்லாம் இதில் அடக்கம். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. படு புத்திசாலிக்கும் இருக்கலாம்.

"அது சினிமாவில வந்ததேம்மா, 2007-ல. அமீர் கான் படம்."

"படம் வந்து பத்து வருஷம் கழிச்சுத்தான் சட்டம் அமலுக்கு வந்தது. ஆனா விஷயம் ரொம்பப் பழசு. 1896-ல இங்கிலாந்துல பிரிங்கிள் மார்கன்னு ஒரு டாக்டர் 14 வயசுப் பையனைப் பத்தி மருத்துவப் பத்திரிகையில எழுதினார். பையன் சுறுசுறுப்பு, நல்ல புத்திசாலி, படிக்க மட்டும் வரலே. எல்லாப் பாடத்தையும் வாயாலயே நடத்தினா இந்தப் பையன்தான் ஸ்கூல்லயே முதல்ல வருவான்னு அவனோட வாத்தியார் சொல்லியிருக்கார். அப்பவே ஒரு வாத்தியாருக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க."

எனக்கு அந்த வாத்தியார் காதில் விழவில்லை. வேறொரு பையன் ஞாபகத்துக்கு வந்துவிட்டான்.

* * *

எங்கள் ஆபீஸ் ஸ்டோர்ஸ் செக்‌ஷன் சாருக்கு ஒரே பையன். எட்டாம் வகுப்பு. ஒரு தடவை ஆபீஸுக்கு வந்திருந்தான். நின்றுபோன டேபிள் ஃபேனைப் பத்து நிமிஷத்தில் பிரித்து மாட்டி ஓடவைத்துவிட்டான். கிரிக்கெட்டில் யார் எந்த மேட்சில் எத்தனை ரன் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வான். ஆனால் ஒரு பக்கம் படிக்கச் சொன்னால் விரலை வைத்து, வரியைத் தொலைத்து, வியர்த்துவிடுவான். 'கடல்' என்பதைக் 'கலட்' என்று எழுதுவான். ஆங்கிலத்தில் பி-யும் டி-யும் அவனுக்கு இரட்டைப் பிள்ளைகள்.

"எல்லாம் திமிர் சார். ஃபேனைப் பிரிக்கத் தெரியறவனுக்குப் படிக்கத் தெரியாதா?" என்பார் அவர்.

மூன்று வாரம் முன்னால் பையனின் மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து காட்டினார். நான் ஒரு ஜோக் அடித்தேன். "கவலையே படாதீங்க சார். நல்லதா ஒரு எருமை மாடு பார்த்து வாங்கிக் கொடுத்துடுங்க. பால் வியாபாரத்துல நம்ம சம்பளத்தைத் தாண்டிடுவான்." செக்‌ஷனே சிரித்தது. அவரும் சிரித்தார்.

இதை அண்ணன் மகளிடம் சொன்னேன். ஜோக்கை மட்டும் விட்டுவிட்டு.

"அப்போ அவனுக்கு டிஸ்லெக்ஸியாதானே?"

"நீங்க சொல்லக் கூடாது. நானும் சொல்லக் கூடாது. சந்தேகப்படறதுதான் டீச்சர் வேலை. முடிவு பண்றது டாக்டரும் சைகாலஜிஸ்ட்டும். முதல்ல கண்ணையும் காதையும் சோதிக்கணும். ஒழுங்காச் சொல்லித் தந்தாங்களான்னு பாக்கணும். அப்புறம்தான் மத்ததெல்லாம். அவசரப்பட்டுப் பேர் வைக்கறதும் தப்பு சித்தப்பா. 'சோம்பேறி'ன்னு வச்சாலும் சரி, 'டிஸ்லெக்ஸியா'ன்னு வச்சாலும் சரி."

* * *

திங்கட்கிழமை மத்தியானம். அவர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். நான் முந்தின நாள் கற்ற வித்தையை மெதுவாக எடுத்துவிட்டேன். அவர் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"ஸ்கூல்ல கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க சார். எட்டாவது முடிஞ்சதும் டி.சி. வாங்கிக்கணுமாம். பத்தாவதுல அவனால அவங்க ரிசல்ட் போயிடுமாம்."

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ராத்திரி பெல்ட்டால அடிச்சுட்டேன் சார். கை வீங்கிடுச்சு பையனுக்கு."

"எப்போ சார்?"

"நீங்க எருமை ஜோக் சொன்னீங்களே, அன்னிக்கு."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தேதி ஞாபகம் வைத்துக்கொள்கிற மாதிரிதான் சொன்னார். எனக்குத்தான் கையில் இருந்த தயிர் சாதம் வாய்க்குப் போகவில்லை.

வராந்தாவுக்கு வந்து அண்ணன் மகளுக்குப் போன் போட்டேன்.

"ஸ்கூல்காரங்க சட்டம் தெரிஞ்சவங்க சித்தப்பா. கட்டாயக் கல்விச் சட்டம் எட்டாவதோட முடியுது. அதான் எட்டு வரைக்கும் காத்திருக்காங்க. ஆனா 2016 சட்டத்துக்கு எட்டாவது கணக்கு கிடையாது. அரசாங்கம் அங்கீகரிச்ச எல்லாப் பள்ளிக்கும் பிரிவு 16 பொருந்தும். பாகுபாடு இல்லாம சேர்த்துக்கணும், தகவமைப்பு செய்யணும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடிச்சு உதவணும்னு மொத்தம் எட்டு வேலை போட்டிருக்கு. பிரிவு 17-ல பரீட்சைக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதறவர், ரெண்டாவது மூணாவது மொழிக்கு விலக்கு எல்லாம் இருக்கு. 40 சதவீதத்துக்கு மேலன்னா பிரிவு 31 படி 18 வயசு வரைக்கும் படிப்பு இலவசம். அந்த சாரை முதல்ல அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்க."

அன்று மாலை பிரிவு 16-ஐத் தேடிப் படித்தேன். அதன் முதல் வரியே, அரசாங்கம் இதற்கெல்லாம் 'முயல வேண்டும்' என்றுதான் ஆரம்பிக்கிறது. பதினெட்டு வருஷம் ஃபைல் புரட்டியவனுக்கு அந்த வார்த்தையின் மகிமை தெரியாதா? 'செய்ய வேண்டும்' என்றால் ஒருவர் செய்தாக வேண்டும். 'முயல வேண்டும்' என்றால் ஒரு கமிட்டி போட்டால் போதும். ஆனாலும் அதே பிரிவு, அடுத்த மூச்சிலேயே, அந்த எட்டையும் 'செய்ய வேண்டும்' என்று எழுதியிருந்தது. அந்தச் சின்ன வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

கண்ணும் காதும் சரியாகத்தான் இருந்தன. அரசாங்க ஆஸ்பத்திரியில் பல தடவை வரவழைத்து டெஸ்ட் வைத்தார்கள். இரண்டு மாதம் ஆயிற்று. சார் சி.எல். எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு ஈ.எல்.லில் கைவைத்தார். கடைசியில் சான்றிதழ் வந்தது. கற்றல் குறைபாடுதான். அவர் அதைப் படித்துவிட்டு, "அப்போ திமிர் இல்லையா சார்?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு என் நோட்டில் பதில் இல்லை.

பள்ளிக்கூடத்தில் சண்டை போட வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஆபீஸ்காரனுக்குத் தெரிந்த ஆயுதம் ஒன்றுதான்: கடிதம். சான்றிதழ் நகலை இணைத்து, சட்டத்தின் பிரிவுகளைக் குறிப்பிட்டு, 'ஒன்பதாம் வகுப்பில் தொடர அனுமதிக்க இயலாது எனில், அதற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று நான்தான் டிராஃப்ட் போட்டேன். இரண்டு பிரதி. ஒன்றில் பள்ளியின் சீல்.

எழுத்துமூலம் யாரும் எதுவும் தெரிவிக்கவில்லை. வாய்மூலமும் டி.சி. பேச்சு அதோடு நின்றது. பையன் ஒன்பதாவதில் உட்கார்ந்தான்.

* * *

உட்கார்ந்தால் ஆச்சா? சொல்லித்தர ஆள் வேண்டாமா? தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட பத்து மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. இந்தப் பள்ளியில் பூஜ்யம். அதனால் சனிக்கிழமைதோறும் வெளியே ஒரு சிறப்பாசிரியரிடம் போகிறான். (பதிவு எண் கேட்டோம். அந்த அம்மா சந்தோஷமாகக் காட்டினார்கள்.)

அவர்கள்தான் ஐ.இ.பி. எழுதினார்கள். தனிநபர் கல்வித் திட்டம். 1975-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் இதைக் கட்டாயமாக்கி, பிறகு உலகமெல்லாம் பரவியது. ரொம்ப எளிமையான காகிதம். பையன் இப்போது எங்கே இருக்கிறான், எங்கே போக வேண்டும், எப்போதைக்குள், யார் என்ன செய்ய வேண்டும். 'நன்றாகப் படிப்பான்' என்று அதில் எழுதக் கூடாதாம். 'மூன்று மாதத்தில், பத்து வரிப் பத்தியை ஐந்து தவறுக்கு மிகாமல் படிப்பான்' என்று எழுத வேண்டுமாம். எங்கள் ஆபீஸில் இந்த முறையைக் கொண்டுவந்தால் பாதிப் பேர் வி.ஆர்.எஸ். கொடுத்துவிடுவார்கள்.

அதில் முதல் கட்டம் 'பலங்கள்'. 'மின்சாதனம் பழுது பார்ப்பான். கேட்டதை மறக்க மாட்டான்' என்று எழுதியிருந்தது. பையன் அதை இரண்டு தடவை அப்பாவைப் படிக்கச் சொன்னானாம். "இத்தனை நாளா என்னைப் பத்திக் கம்ப்ளெய்ன்ட்தாம்ப்பா எழுதியிருக்காங்க" என்றானாம்.

இதனால் அவன் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்துவிடவில்லை. அரைப் பரீட்சையில் கணக்கில் 41. தமிழில் இன்னமும் தடுமாற்றம். பத்தாவது பொதுப் பரீட்சைக்குக் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஒருவரும் கேட்டு ஹெட்மாஸ்டர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தேதியை அவன் அப்பா காலண்டரில் சுழித்து வைத்திருக்கிறார். பெல்ட் இப்போது பேன்ட்டில் மட்டும்தான் இருக்கிறது. அண்ணன் மகள் வைவாவில் பாஸ்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மிக்ஸி நின்றுவிட்டது. அவனைக் கூப்பிட்டேன். பிரித்தான், கப்ளர் தேய்ந்திருக்கிறது என்றான், கடைக்கு ஓடிப் புதுசு வாங்கி வந்து மாட்டினான். மிக்ஸி பழையபடி தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறியது.

"தம்பி, அந்த எருமை விஷயம்..." என்று இழுத்தேன்.

"அப்பா சொன்னாரு அங்கிள்" என்றான் ஸ்குரூவைப் பார்த்துக்கொண்டே. அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். ஒன்பதாவது படிக்கிற பையனிடம் மன்னிப்புக் கேட்பது, மேனேஜரிடம் கேட்பதைவிடக் கஷ்டம்.

காசு கொடுத்தேன். "பில் எழுதித் தரேன் அங்கிள். கடை வைக்கிறவன் பில் தரணும்" என்று பேப்பரும் பேனாவும் கேட்டான். டைனிங் டேபிளில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். 'மிக்ஸி' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினான். ஐந்து நிமிஷம் ஆயிற்று. எட்டு ஆயிற்று.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "இன்னுமா எழுதறான்?"

"எழுதட்டும்" என்றேன். "கூடுதல் நேரம் உண்டு."